மூக்கிலிருந்து ஒரு சாண்

மாட்டுத்தாவணியில் ஐந்தே முக்காலுக்கு மேலூர் பஸ்.
மடியில் நீலப் பெட்டி.
"மீனா?" என்றார் கண்டக்டர்.
காற்றுப் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லவில்லை.
லக்கேஜுக்கும் சேர்த்துக் கிழித்தார்.

ஒத்தக்கடையில் யானைமலை
இன்னும் எழுந்திருக்கவில்லை.
படுத்தே கிடக்கட்டும்.
அதன் பங்காளிக் குன்றுகள் சில
யார் யார் வீட்டிலோ
சமையல் மேடையாகப் பளபளக்கின்றன.

கல் பட்டறையில் ஆறு பேருக்குப் பம்ப் கட்டுகிறேன்.
இடுப்பில் மோட்டார், முதுகோடு குழாய்,
காலரில் வடிதாள்,
மூக்கிலிருந்து ஒரு சாண் தூரம்.
நிமிஷத்துக்கு இரண்டரை லிட்டர்.

சேலைக்குக் காலர் கிடையாது.
இந்தக் கிளிப்பைச் செய்தவன் சட்டை போட்ட ஆள்.
மூக்காயியின் மாராப்பில் ஊக்குக் குத்தி மாட்டினேன்.
"பேருலயே மூக்கு இருக்கு தாயி, நல்லா அளந்துக்க."
முன்னே இரண்டு பிள்ளை தங்காமல் போக
இதுவாவது தங்கட்டும் என்று
மூக்குக் குத்தி வைத்த பேராம்.
அந்தத் துளையில் இப்போது ஓர் ஈர்க்குச்சி,
அதன் நுனியிலும் வெள்ளைப் பொடி.

படிவத்தில் எட்டு மணி நேரம் என்று அச்சடித்திருக்கிறது.
அவளுக்குப் பதினொன்று.
அப்புறம் விறகடுப்பு.
அப்புறம் புருஷன் சட்டையை உதறித் துவைப்பது.
அவனுக்கும் இதே கல்தான்.
என் தாளில் அவள்
தினமும் நாலரை மணிக்கு
மூச்சு விடுவதை நிறுத்திவிடுகிறாள்.

பெட்டியில் ஏழாவதாக ஒரு வடிதாள் உண்டு.
கூடவே வரும். திறப்பேன், மூடுவேன்.
அதற்கு மோட்டார் இல்லை.
எல்லாரோடும் இருந்துவிட்டு
ஒரு மூச்சும் இழுக்காமல் திரும்பும்.
'வெற்று' என்று எழுதுவேன் அதன்மேல்.
ஏழு வருஷமாக நானும் அந்த உத்தியோகம்தான்.

மத்தியானம் பெரியகருப்பன்
பம்பைக் கழற்றிப் புங்கமரத்தில் மாட்டிவிட்டான்.
"இரைச்சல் தாங்கலக்கா."
சூப்பர்வைசர் வேறெங்கோ பார்த்தார்.
புங்கமரத்தின் அளவு: வரம்புக்குள்.

போன மாதம் சென்னையில் காட்டினார்கள்,
இனி வரப்போவதை.
சட்டைப் பொத்தானுக்குள் அடங்கிவிடுமாம், சத்தமே இராது,
நொடிக்கு நொடி எண்,
கைபேசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு.
இன்னொன்று வெறும் ரப்பர் வளையல்.
ஒரு வாரம் போட்டிருந்தால் போதும்,
பட்டறை, பஸ், அடுப்படி, படுக்கை
எல்லாவற்றையும் தனக்குள் ஊறவைத்துக்கொள்ளும்.
நாலரைக்குப் பிறகும் அவள் மூச்சு விடுவாள்
என்று ஒருவழியாகத் தெரியவரும்.

கை தட்டினேன். மனசாரத்தான்.
தட்டி முடிக்கும்போதே ஒரு கேள்வி வந்தது, கேட்கவில்லை.
அந்தச் சிவப்பு யார் கைபேசியில் எரியும்?
எரிந்ததும் நிற்கப்போவது
அறுக்கும் மிஷினா, மூக்காயியா?
மரத்தில் மாட்ட முடியாத ஒன்றைச்
சட்டையில் தைத்துவிட்டால்
பெரியகருப்பன் எதைக் கழற்றுவான்?

சாயங்காலம் குழாயைச் சுருட்டும்போது கேட்டாள்.
"ஏற்கெனவே உள்ள போனதை இது அளக்குமா?"
"அளக்காது."
"இனிமே போறது மட்டும்."
"ஆமா."
"அதுவாச்சும் எனக்குச் சொல்லுவியா?"

படிவம் மூன்று படிகள்:
முதலாளிக்கு, இலாகாவுக்கு, லேபுக்கு.
ஓரத்தில் பென்சிலால் ஒரு நம்பர் எழுதிக்கொண்டேன்.
அவளுடையதில்லை,
கோட்டாம்பட்டியில் பக்கத்து வீட்டு மளிகைக் கடை.

தராசின் கண்ணாடியைத் திறக்கையில்
மூச்சைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம்.
மைக்ரோகிராமுக்கு மூச்சே பாரம்.
எண் நின்றது.
இரண்டாம் தடவையும் அதே எண்.

போன் போட்டேன். கடைக்காரர் எடுத்தார்,
பின்னால் யாரோ பருப்புக் கேட்கும் சத்தம்.
"மூக்காயிக்கா? வந்தா சொல்லிர்றேன்மா.
எழுதிக்கிறேன், சொல்லுங்க,
கிலோவா, கிராமா?"