இளம்பச்சை

டுசெல்டோர்ஃப். மே மாதத்துச் சனி.
தமிழ்ப் பள்ளிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு
ரைன் கரையில் வரிசையில் நிற்கிறேன்.
எனக்கு நாற்பத்து மூன்று வயது.
கையில் ஒரு விளக்குத் தடி,
பொத்தானை அமுக்க அமுக்கப் பன்னிரண்டு நிறம் வரும்.
என்னுடையது ஆறு வருடமாக ஒரே நிறத்தில் நிற்கிறது.

முதலில் ஒன்பது பேர்.
பிறகு ஏழு. பிறகு பதினொன்று, அது கொஞ்சம் நெரிசல்.
ஒருத்தி பல் மருத்துவம் படிக்கப் போனாள்.
ஒருத்திக்கு முழங்கால்.
நட்சுஹோ ஏன் போனாள் என்று அறிக்கையில் நான்கு வரி இருந்தது,
நான்கிலும் காரணம் இல்லை.
விலகினாள் என்று யாரும் சொல்வதில்லை,
பட்டம் பெற்றாள் என்கிறார்கள்.
பூங்கொத்து, தரை தொடும் பாவாடை, அழுகை.
மறுவாரம் அவள் நின்ற இடத்தில்
மேடையில் ஒட்டிய நாடாத் துண்டு மட்டும்.

எங்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு:
பார்சல் பிரிக்கும் இரவு வேலை, நான்காம் பெல்ட்.
மிலோராட்டின் பெயரை ஒருநாள் பஞ்சால் துடைத்தார்கள்.
கடைசி எழுத்துகள் சரியாய் அழியவில்லை,
அவற்றின் மேலேயே ஹபீபா என்று எழுதினார்கள்.
அவனுக்குப் பட்டம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.
எனக்கும்தான்.

போன கிழமை பிள்ளைகளுக்குப் புணர்ச்சி நடத்தினேன்.
இரண்டு சொல் சேரும் இடத்தில்
ஓர் எழுத்து தோன்றும், அல்லது திரியும், அல்லது கெடும்.
"மரமும் வேரும் சேர்ந்து மரவேர் எண்டால்
அந்த ம் எங்க போச்சு சேர்?" என்றான் யதுசன்.
நல்ல வேளை, மணி அடித்தது.

எனக்கு முன்னால் எக்கார்ட், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர்.
சட்டை முழுக்கப் போனவர்களின் பெயர்கள்,
அவரே தைத்தது, தையல் கோணல்.
"பழையவள் இன்று தொமோயே ஒருத்திதான்.
அவளும் போனால் இது அதே குழுவா?"
"உங்கள் டிராமில் பெட்டி மாறியது, பாதை மாறியது,
அதே டிராம்தானே?" என்றேன்.
"டிராம் என்பது அதன் மணிச்சத்தம்" என்றார் கோபமாய்.
கொஞ்ச நேரம் கழித்து,
"மணியையும் மாற்றிவிட்டார்கள்."

பாட்டு தொடங்கியது.
இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்று.
நட்சுஹோவின் இடத்தில் இச்சிகா,
சேர்ந்து ஐந்து வாரம்.
நட்சுஹோவின் நிறம், நட்சுஹோவின் வரிகள்,
சட்டைக் கையை மட்டும் மடித்துத் தைத்திருந்தார்கள்.
அந்த வரியில் நட்சுஹோவுக்குச் சுருதி ஒரு நூல் இறங்கும்.
இவள் சரியாகப் பாடினாள்.
அந்தச் சரி எனக்குப் பொறுக்கவில்லை.

தடியை உயர்த்தினேன்.
இல்லாதவளுக்காக.
ஜப்பானில் எங்கோ, எந்த விசேஷமும் இல்லாத ஒரு நாளில்
கொடியில் துணி காயப்போடும் ஒருத்திக்காக.
சுற்றிலும் தொமோயேயின் சிவப்பு,
நடுவில் ஒரே ஓர் இளம்பச்சை.

இச்சிகா அதைக் கண்டுவிட்டாள்.
விசா கிடைத்தவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்,
ஒருமுறை நானே வைத்திருந்தேன்.
அந்த முகத்தோடு
நேரே என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

இது உனக்கில்லை பிள்ளை என்று
எட்டு வரிசைக்கு அப்பால் எந்த மொழியில் சொல்வது?
எக்கார்ட் திரும்பிப் பார்த்தார்.
நான் இறக்கவில்லை.
தோள் வலித்தது.
ஆறாவது பாட்டில் அசைக்கவும் தொடங்கியிருந்தேன்.

திரும்பும் ரயிலில் பள்ளிப் பொறுப்பாளர் அழைத்தார்.
காய்ச்சல் எப்படி?
அவசரமில்லை, புதிதாய் ஒரு பிள்ளை வந்து வகுப்பெடுத்தாள்,
தர்மிளா என்று பெயர், பிள்ளைகளுக்குப் பிடித்துப்போச்சு.
யதுசனின் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டாளாம்.
"என்ன சொன்னா?" என்றேன்.
ரயில் பாலத்தில் ஏறியது, தொடர்பு விட்டுப்போனது.

எதிர் இருக்கைக் குழந்தை
என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.
தடியை அணைக்க மறந்திருக்கிறேன்.