பத்து நிமிடச் சிவப்பு

கல்லுக்கட்டியில், பாத்திரக்கடைக்கு மேல்மாடி ஸ்டூடியோவில்
பகலெல்லாம் கல்யாணப் பெண்களின் கன்னம் துடைக்கிறேன்.
மவுஸைச் சற்றே இழுத்தால் போதும்,
பருத் தழும்பு போகும், கருவளையம் போகும்,
திருப்பூட்டும் நேரத்தில் அழுது சிவந்த மூக்கும்
பழைய நிறத்துக்குத் திரும்பும்.
தேவகோட்டை, பள்ளத்தூர், கோனாபட்டு,
எந்த ஊர் முகத்தில் என்ன இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.
யாரிடமும் சொன்னதில்லை.

என் மங்கு மட்டும் என்னோடு வீட்டுக்கு வரும்.
இடக்கன்னத்தில் இலங்கை,
வலக்கன்னத்தில் இன்னும் பேர் வைக்காத ஒரு தீவு.

ஐந்து தவணையில் வாங்கினேன்.
வெள்ளை முகமூடி. உள்பக்கம் கடுகு கடுகாய் விளக்குகள்.
பெட்டியைக் குலுக்கிப் பார்த்து
கூரியர் பையன் கேட்டான், "ஹெல்மெட்டா ஆச்சி?"
"ஆமா" என்றேன்.
பொய்யில்லை, பாதிதான்.

கையேட்டில் ஆறு பாஷை, நம்முடையது இல்லை.
படம் பார்த்துப் புரிந்துகொண்டேன்:
சிவப்பு, சுருக்கத்துக்கு.
நீலம், பருவுக்கு.
மங்குக்கென்று ஒரு நிறமும் இல்லை.
திருப்பி அனுப்ப ஏழு நாள் இருந்தது.
அனுப்பவில்லை.

ரசச்சட்டி கழுவி, முகம் கழுவி,
ஆத்தங்குடிக் கல்லில் முதுகு சில்லிட மல்லாந்து படுப்பேன்.
கண்ணை மூடினாலும் சிவப்பு,
வெயிலில் படுத்த பூனைக்கு இப்படித்தான் இருக்குமோ.
தாடையில் கொசு உட்காரும். அடிக்க முடியாது.
அந்தப் பத்து நிமிடம்
யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.
கேட்டாலும் முகமூடிக்குள்ளிருந்து
என் குரல் எனக்கே வேறு யாரோ.

நாலாம் நாள் தண்ணீர் குடிக்க, கழற்றாமல் எழுந்து
ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.
எதிரே பூட்டிக்கிடக்கும் ஈப்போக்காரர் வீட்டுக்கு
ராக்காவல் சேவுகன்.
காலையில் என் வாசலில்
அறுத்த எலுமிச்சம்பழம், குங்குமம் தடவி, இரண்டு பாதி.
"செவப்பா ஒரு முகம், ஆச்சி. கண்ணே இல்ல.
முனியேதான்" என்றார்.
சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தேன்.
"எந்தப் பக்கம் போச்சு?" என்று வேறு கேட்டேன்.
அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்,
பளபளவென்று, கழுவிய முகத்தோடு.

மூன்றாம் வாரம் அது கண்ணில் பட்டது.
எத்தனை முறை எரிந்தேன் என்று
இந்த விளக்கே கணக்கு வைக்கும். நான் படுத்தது பதினேழு.
அது சொன்னது முப்பத்தொன்று.
சக்கரத்தைத் திருப்பினால்
நின்றிருந்த நிறம் நீலம்.

சொக்கலிங்கம். பிளஸ் டூ.
அழகனுடைய பேரை வைத்தோம்.
அவனோ போன் காமிராவுக்குக்கூட
கையை முகவாயில் வைத்துக்கொள்கிறான்.
நான் தூங்கியபின் வந்து எடுத்திருக்கிறான்,
துடைத்து, மடித்து, அதே மடிப்பில் வைத்திருக்கிறான்.
நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.
சார்ஜரை மட்டும் என் கட்டிலிலிருந்து
நடு அறைக்கு மாற்றினேன்.
சிவப்புக்கு நான், நீலத்துக்கு அவன்.
ஒரே முகமூடியின் உள்பக்கம்
அவன் மூச்சு வாடை, பூண்டும் பற்பசையும்.

இன்று ஸ்டூடியோவுக்கு வந்தது
அவன் வகுப்பின் குரூப் போட்டோ.
முப்பத்தெட்டுப் பையன்கள். "எல்லா மூஞ்சியும் கிளீனா"
என்று துண்டுச்சீட்டில் வாத்தியார்.
முதல் வரிசை முடித்தேன். இரண்டாவது முடித்தேன்.
மூன்றாவதில், ஓரத்திலிருந்து நான்காவது,
அந்த ஒரு தடவை கை கீழே இருக்கிறது.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
சைக்கிளிலிருந்து விழுந்த பழைய வெட்டு,
நெற்றியில் நாலு, கன்னத்தில் எண்ணவில்லை,
மூக்கு நுனியில் ஒன்று, புத்தம் புதிது.

டீ ஆறிப்போயிற்று.
மற்றதையெல்லாம் அப்படியே விட்டு
மூக்கில் இருந்ததை மட்டும் எடுத்தேன்.
விளக்குதான் செய்தது என்று
நினைத்துக்கொள்ளட்டும்.