ஏழாம் புரூஃப்

மாங்கூழ் ஆலைக்கு லெட்டர்ஹெட் வேண்டும்,
விசிட்டிங் கார்டு, நீளக் கவர்,
பில் புத்தகமும் அதே சாயலில்.
பேசியது பதினோராயிரம்.
கைக்கு வந்தது ஆயிரம்.

முதல் டிசைனில்
தாளின் முக்கால்வாசியை வெறுமையாக விட்டேன்.
மூலையில் ஒரு மாம்பழம், கட்டைவிரல் நகத்தளவு.
அடியில் மெலிந்த கோடு.
அந்தக் கோட்டுக்கே இரண்டு ராத்திரி ஆனது.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவில்
கடைசி சேலம் பஸ் ஹாரன் அடிக்கும்வரை
ஒரு மில்லிமீட்டர் ஏற்றி, அரை இறக்கி.

திம்மராயப்பா தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.
"மீதி எங்கம்மா?"

இரண்டாவதில் பழம் உள்ளங்கை அளவானது.
மூன்றாவதில் மச்சான் வந்தார்:
ஜிஎஸ்டி எண், உணவு உரிம எண்,
இரண்டு செல், ஒரு லேண்ட்லைன்.
லேண்ட்லைன் செத்து நாலு வருஷம்.
"இருக்கட்டும், கெத்தா இருக்கும்."
நான்காவது ஓசூர் மகனுக்கு வாட்ஸப்பில் போனது.
உயர்ந்த கட்டைவிரல் ஒன்று வந்தது,
ஒரு மணி நேரம் கழித்து
"ஏதோ மிஸ்ஸிங்."
எது என்று கேட்டேன்.
இரண்டு நீல டிக்.
ஐந்தாவது வாஸ்து. காம்பு ஈசானியம் பார்க்க வேண்டுமாம்.
தாளுக்கு ஈசானியம் எது?
வலது மேல்மூலை என்று நானே தீர்மானித்தேன்,
மேப்பில் அப்படித்தானே.

ஆறாவதில் நிறம்.
"மஞ்சள் இன்னும் மஞ்சளா வேணும்."
மெஜந்தா முப்பதை இருபதாக்கினேன், எலுமிச்சை என்றார்கள்.
நாற்பதாக்கினேன், சாமியார் வேட்டி என்றார்கள்.
முப்பதுக்கே திரும்பினேன்.
"இப்பத்தான் கரெக்ட்டு."

அதைப் பையில் போட்டுக்கொண்டு
சந்தூர் ரோட்டில் ஆலைக்குப் போன அன்று
டிராக்டர்கள் கேட்டைத் தாண்டி நின்றன.
எடைமேடையில் மாதேஸ்வரி
சீட்டு எழுதிய பேனாவாலேயே என் பழத்தைக் குத்தினாள்.
"இது இன்னாது?"
"மாங்காதான்."
"மூக்கு எங்க?
நாங்க அரைக்கிறது பெங்களூரா.
கிளிமூக்கு இல்லாம வந்துதுன்னா
லோடையே திருப்பிடுவேன்."

நெட்டில் ஆயிரம் பேர் இறக்கிய மாம்பழம் அது.
உருண்டையாய், கன்னம் சிவந்து,
எந்தக் கிளையிலும் தொங்காதது.
டிராக்டரிலிருந்து ஒரு காயை எடுத்தேன்.
எடைச்சீட்டின் பின்னால் கிடத்திச் சுற்றி வரைந்தேன்.
பால் ஒட்டி, மூக்கருகே கோடு பிசகியது.
பிசகோடு ஸ்கேன் செய்தேன்.

ஏழாவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.
திம்மராயப்பா மட்டும்
விரலால் அந்த மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு
"ரெண்டாயிரம் தாள் அடிச்சிடு" என்றார்.

ஆடி போய் ஆவணி.
நீளக் கவர் ஒன்று என் கடைக்கே வந்தது.
என் கவர். என் மெஜந்தா முப்பது.

'கூழ் விலை இறங்கியதாலும்
ஏற்றுமதி ஆர்டர் நின்றுபோனதாலும்
தங்களுக்குச் சேர வேண்டிய ரூபாய் பத்தாயிரத்தை
தை பிறந்ததும் தருகிறோம்.
ஒத்துழைப்புக்கு நன்றி.'

இதே வாசகம், தொகை மட்டும் மாறி,
எத்தனை தோப்புக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும்.
அதை யோசித்தது பிறகுதான்.
முதலில் பார்த்தது மார்ஜினை.
தேதியைக் கிளிமூக்கின் மேலேயே அடித்திருக்கிறார்கள்.
கையெழுத்துக்கு விட்ட இடத்தில்
ரப்பர் ஸ்டாம்ப், தலைகீழாக.

ஆனாலும் ஐந்தே வரி.
அதற்குக் கீழே அடிக்கோடு வரை வெள்ளை,
நான் முதல் நாள் கேட்டது போலவே.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
பென்சிலைச் சீவி
அந்த வெள்ளையில் சின்னதாக எழுதினேன்:
தேதி, கொஞ்சம் முன்னே தள்ளவும்.
மீதி எங்கே?