கால் ரூபாய்

பல்லடம் ரோட்டில் பேக்கரிக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
தேங்காய் பன் வேகும் வாசத்தில்தான்
நிரல் எழுதுவோம், நானும் திருமூர்த்தியும்.
பனியன் கம்பெனிகளுக்குப் பீஸ் ரேட் கணக்கு:
யார் எத்தனை தைத்தார்கள், சனிக்கிழமை எவ்வளவு.

போன ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வந்ததில்
என் பழைய டிஸ்க் இருமி இருமிச் செத்தது.
அந்த பயத்தில் காசு கட்டி வாங்கினேன் ஒரு செயலி.
ஒரு ஃபோல்டர். அதில் எதைப் போட்டாலும்
மேலே எங்கோ ஒரு நகல், திருமூர்த்தி லேப்டாப்பில் ஒரு நகல்.
வீட்டுப் பத்திரம் போட்டேன். பாப்பாவின் காதுகுத்துப் படங்கள்.
கூடவே எங்கள் கிட் களஞ்சியத்தையும்.
பச்சை டிக் விழுந்தது. கீழே போய் டீ குடித்தோம்.

கிட்டுக்கு நாம் சொல்ல வேண்டும்.
இன்னார், இன்ன நேரம், இன்ன காரணம்.
ஒவ்வொரு பதிவுக்கும் நாற்பது எழுத்தில் ஒரு பெயர் வைக்கும்.
நாற்பதாம் நம்பர் நூல் என்று கிண்டலடிப்போம்.
மற்றதோ சொல்லாமலே பந்தி பரிமாற இறங்கிவிடும் ஒறம்பரை.
பாதியில் விட்ட வரியையும் தூக்கிக்கொண்டு ஓடும்.
எழுதினதா, கை பட்டு அழிந்ததா,
அதுக்கென்ன தெரியும்?
மாறியது. கொண்டுபோய்க் கொடுத்தது.

தை மாசம் கூலி ஒப்பந்தம் முடிந்தது.
ஓவர்லாக் பீசுக்கு இரண்டு நாற்பது, இனி இரண்டு அறுபத்தைந்து.
வியாழன் ராத்திரி நான் மாற்றினேன்.
அதே ராத்திரி உடுமலையில், மாமனார் வீட்டில் உட்கார்ந்து
அதே கோப்பில் பி.எஃப். பிடித்தத்தைத்
திருத்திக்கொண்டிருந்தான் திருமூர்த்தி.
அங்கே காற்றாலை சுற்றும், நெட் சுற்றாது.

சனிக்கிழமை ஐந்தரைக்குக் கவர் கொடுத்தார்கள்.
திங்கள் காலை போன்.
"ஏனுங்க, கம்ப்யூட்டருக்காரங்களா?
ராசாமணிங்க, ஓவர்லாக்கு.
ஆயிரத்து நூத்தி நாப்பது பீசுங்க.
எரநூத்தி எம்பத்தஞ்சு ரூவா கொறையுதுங்க."
எப்படிங்க கணக்கு என்றேன்.
"சிட்டை இருக்குதுங்க. பழைய ரேட்ட அழிக்கலீங்க.
குறுக்க ஒரு கோடு. பக்கத்துல தேதி. அப்புறம் புது ரேட்டு."

அவர் லைனில் இருக்கும்போதே ஃபோல்டரைத் திறந்தேன்.
திருமூர்த்தியின் கோப்பு நடுவில் உட்கார்ந்திருந்தது, இரண்டு நாற்பதோடு.
என்னுடையதை எறியவில்லை, பாவம்.
'முரண்பட்ட நகல், யுவராணியின் லேப்டாப்' என்று
பேரும் தேதியும் எழுதிப்
பந்தியில் இடமில்லாதவரை
மண்டப வாசலில் சேர் போட்டு உட்கார வைத்ததுபோல்
ஓரமாய் வைத்திருந்தது.
களஞ்சியத்தின் வயிற்றுக்குள்ளும் அதே கதை.
ஒரே கிளைக்கு இரண்டு தலை.
வரலாறு கேட்டால் உடைந்திருக்கிறது என்றது கிட்.
ஃபோல்டர் மேல் மட்டும்
பச்சை டிக்.

"இருக்கீங்களா?" என்றார் ராசாமணி.
இருக்கேனுங்க.

புதன்கிழமை சர்வருக்குத் தள்ளியது பிழைத்திருந்தது.
அதை வேறு இடத்தில் இறக்கி,
இரண்டு ராத்திரியின் வேலையையும் ஒவ்வொரு வரியாகக் கையால் சேர்த்தோம்.
மதியம் தாண்டியது. பசி தெரியவில்லை.
பதிவில் காரணம் கேட்டது.
'ஓவர்லாக் ரேட் விடுபட்டது, என் தப்பு' என்று எழுதினேன்.

கம்பெனி மேனேஜர் சிரித்தார்.
"முப்பத்தெட்டுப் பேரு ஓவர்லாக்கு.
கேட்டது ஒரு பொம்பளைங்க.
அந்தம்மாவுக்கு மட்டும் போட்டு உடுங்க."

ஒரே வரி வேலை. ஒரு நிமிஷம் ஆகாது.
"அப்படி ஒருத்தருக்கு மட்டும் போட
இதுல வழியே இல்லீங்க" என்றேன்.
போனுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மாதிரி
தையல் மிஷின்கள்.
"செரி, எல்லாத்துக்கும் போடுங்க."

திருமூர்த்தி திரையிலிருந்து தலையைத் தூக்கினான்.
எதுவும் கேட்கவில்லை.
இதை எங்கேயும் பதிய வேண்டாம் என்றேன்.
பன் வாங்கி வரக் கீழே இறங்கினான்.