கேட்டடியில் எடுத்த கணக்கு

அதிபர் கேட்டது ஒரே ஒரு எண்தான்:
"மச்சாடோ, ஃபுட்போல் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள்?"
மாத முடிவுக்குள் எழுத்தில் வேண்டுமாம்.
எண் சின்னதென்றால்
கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கோல் கம்பத்திலிருந்து மதில்வரை
வாகனத் தரிப்பிடம்.
கோபமாகச் சொல்லவில்லை.
தேநீரில் சீனி கலக்கிக்கொண்டே சொன்னார்.

நான் கணக்காளன். பழைய மாணவன்.
உதைபந்தாட்ட ஆதரவாளர் சங்கத்தின் பொருளாளர்
(அங்கத்தவர் பதினொன்று, சந்தா கட்டியவர் நாலு).
செவ்வாய்க்கிழமை மூன்றரைக்குக் கேட்டடியில்
பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்தேன்,
தலைக்கு ஒரு கோடு.

அணியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
இரண்டாம் பிரிவு, பதினாலில் எட்டாவது.
போன வருடம் ஏழு. அதற்கு முந்தின வருடம் எட்டு.
ஏறிப் போனால் பத்திரிகைக்காரன் வருவான்,
இறங்கிப் போனால் இரக்கமாவது வரும்,
நடுவில் நிற்பவனுக்கு
மழை மட்டும் தவறாமல் வரும்.
கிரிக்கெட் பெரிய ஆட்டத்துக்கு
பப்பரே வாத்தியம் லொறி பிடித்துப் போகும்.
எங்களுக்கு ஒரேயொரு ட்ரம்பெட்.
அதை ஊதுகிறவனும் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறான்.

முதற்பாதியில் இருபத்தாறு கோடு.
அம்மாமார் மூவர், ஒருவர் வங்கிச் சீருடையோடு.
எதிரணி வேனின் சாரதி
(போட்டேன், பிறகு அழித்தேன்).
பாடசாலை விட்டும் மறித்துவைக்கப்பட்ட பத்தாம் வகுப்பு ஆறு பேர்,
தண்டனை முடிந்தும் போகவில்லை.
அரைக் கோடு போடலாமா என்று யோசித்தேன்.
அச்சாறு வண்டி வரவில்லை.
ஐம்பது தலை தேறாத இடத்துக்கு அந்த மனிதர் வர மாட்டார்,
அவருக்கும் கணக்குத் தெரியும்.

இடைவேளையில் லதீஃப் குனிந்து சொன்னான்:
"நூற்றைம்பது என்று எழுது மச்சான்,
யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?"
யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை,
அதுதானே வியாதி.

அறுபத்தெட்டாம் நிமிடம்
எங்கள் ரொஷாந்தன் சேறு தெறிக்க மூவரைக் கடந்து அடித்தான்.
பந்து கம்பத்தில் பட்டது.
"அய்யோ!"
சத்தம் மைதானத்திலிருந்து வரவில்லை.
மேலேயிருந்து.

நிமிர்ந்தேன்.
மதிலுக்கு அப்பால் மாடிவீட்டுத் தொடர்,
கொடிகளில் சாரங்கள், சாரங்களுக்கிடையே முகங்கள்.
நாலாம் மாடியில் அகப்பையோடு ஒரு பெண்.
ஆறாம் மாடியில் யாரோ கட்டிலை யன்னலோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்,
எனக்குத் தெரிந்தது ஒரு தலையணையும்
தூக்கிய கையும்.
பாதி கட்டிய கட்டடத்தில் மஞ்சள் தொப்பிக்காரர் நாலு பேர்,
சீமெந்துச் சட்டி காலடியில்.
ஒழுங்கையில் த்ரீவீல் ஒன்றின் கூரையில் இரண்டு பொடியன்கள்,
சாரதி அவர்களை ஏசவில்லை,
அவனும் சீட்டில் ஏறி நிற்கிறான்.

இத்தனை வருடமும்
நான் கேட்டையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று.
எங்கள் கோலை அவர்களுடைய தடுப்பாளன் போட்டுத் தந்தான்.
எட்டாவது இடத்தில்
எட்டாவதாகவே இருக்கிறோம்.

இரவு மேசையில் கடிதம்.
கேட்டால் வந்தோர்: முப்பத்தொன்று.
அதற்குக் கீழே பேனை நின்றுவிட்டது.
யன்னல்களை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?
அவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள் இல்லை.
எங்கள் டை கட்டியவர்கள் இல்லை.
பழைய மாணவர் விருந்தில் மேசை பிடிக்க மாட்டார்கள்.
நிறுத்துவதற்கு அவர்களிடம் காரும் இல்லை.

அதிபர் சிரிப்பார் என்று தெரிந்தே எழுதினேன்:
"மதிலுக்கு மேலால்: எண்ணிக்கை தொடர்கிறது."

மறுநாள் லதீஃபைக் கூப்பிட்டு
அடுத்த ஆட்டத்தின் தேதி, நேரம், எதிரணி
எல்லாவற்றையும் சிவப்பில், முழ உயர எழுத்தில்
ஆறாம் மாடிக்குத் தெரிகிற மாதிரி
மதிலின் வெளிப்பக்கத்தில் எழுதச் சொன்னேன்.
பெயின்ட்டுக்கு ஆயிரத்து இருநூறு.
ரசீது வாங்கவில்லை.
இருபத்திரண்டு வருடத்தில்
முதல் தடவை.