எடை

நாங்கள் ஆறு பேர்,
பிஷ்கெக்கில் ஒரே கொட்டகையின் தையல்காரிகள்.
மாஸ்கோ சந்தைக்குப் போகிற சட்டைகள்.
சைகால் இடது கை. பெர்மெத் வலது கை.
ஒன்பது வருடமாய் நான் காலர்.
முழுச் சட்டை ஒன்றை எங்களில் யாரும் தைத்ததில்லை.

மாதம் ஐந்நூறு சோம் சீட்டுப் போட்டு
ஆகஸ்டில் ஆறு நாள் வாங்கினோம்:
ஆறு குதிரை, ஒரு கணவாய்,
வழி காட்ட எர்மெக் என்றொரு பையன்.
பொம்பளைகள் மட்டுமா என்றான் மேஸ்திரி.
துர்துகான் பல்லிடுக்கு ஊசியை எடுக்காமலே
ஆமாம் என்றாள்.

குதிரைமேல் பிறந்த இனம் என்று
பாடப் புத்தகத்தில் படித்தவர்கள்தான்.
முதல் மணி நேரத்திலேயே தொடை உரிந்தது.
என் குதிரைக்கு என்னைவிட வழி தெரியும்,
பிடிவாதமும் என்னைவிட அதிகம்.
ஓடை நடுவில் நின்று
ஆற அமரத் தண்ணீர் குடித்தது.
பேருந்து வராத நிறுத்தத்தில் காத்திருப்பவள் போல
மேலே நான்.

ஐநாஷ் கனத்த உடம்புக்காரி.
எர்மெக் அவளுக்கான குதிரையை இரண்டு முறை பார்த்தான்,
அவளை மூன்று முறை.
இறங்கிவிட்டாள். ஏற்றம் முழுக்க நடந்தாள்.
"காலுக்கு நல்லது."
மூச்சு வாங்கியது.
நாங்கள் ஒருத்தியும் இறங்கவில்லை.
அதையும் எழுதிவிடுகிறேன்.

கணவாய் தாண்டியதும் ஏரி.
அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
நுர்சாத் மட்டும்
"அடேயப்பா, எத்தனை மீட்டர் துணி" என்றாள்.

கரையில் தனியாக ஊல்கானின் கம்பளிக் கூடாரம்.
கணவன் வழிதவறிய ஆடுகளைத் தேடிப் போயிருந்தான்.
கைக்குழந்தை, ஒரு நாய்,
கறக்க வேண்டிய பதினொரு பெட்டைக்குதிரைகள்.
குமிஸ் ஊற்றித் தந்தாள். புளித்த புகை.
சைகால் வெளியே போய்த் துப்பினாள்.
நாய் பார்த்தது, யாரிடமும் சொல்லவில்லை.

தையல்காரிகள் என்று கேட்டதும்
கிழிந்த கம்பளியையும் கோணி ஊசியையும்
எங்கள் முன் போட்டாள்.
ஆறு தலையும் குனிந்தன.
மிதிக்கப் பெடல் இல்லாமல்
என் கால் சும்மா ஆடியது.
மூன்று விரலில் ரத்தம், ஒரு சாண் தையல்.
ஊல்கான் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.
எங்கள் தையலைப் பிரித்துவிட்டு அவளே தைத்தாள்.

இரவில் காற்று வந்தது.
வந்தது என்று சொன்னால் போதாது,
ஏரியைத் தாண்டி யாரையோ அடிக்க ஓடியது,
நடுவில் நாங்கள் இருந்தோம்.
வெளியே எர்மெக் குதிரைகளின் பெயர்களைக் கத்தினான்.
உள்ளே கழிகள் முனகின.
அடுப்பு வறட்டிச் சாம்பலை எங்கள் முகத்தில் துப்பியது.
கூரை வளையத்திலிருந்து தொங்கிய கயிற்றை
எட்டிப் பிடித்து, இருட்டில்
ஊல்கான் கேட்டாள்:
"யார் இங்கே கனம்?"

எந்த ஊரில்
எந்தப் பெண் இதற்குப் பதில் சொல்வாள்?

போர்வை சரியும் சத்தம்.
ஐநாஷ் எழுந்து வந்து
கயிற்றை முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி
தொப்பென்று உட்கார்ந்தாள்.
கூடாரம் ஒருமுறை எழும்பப் பார்த்தது.
அவளும் ஒரு விரற்கடை எழும்பினாள்.
பிறகு அது யோசித்தது.

மற்ற ஐந்து பேரும் அவள்மேல் சாய்ந்தோம்,
தோளில், இடுப்பில், மடியில்.
குழந்தையையும் ஊல்கான் எங்களுக்கு நடுவில் செருகினாள்.
ஆலங்கட்டி கம்பளியில் விழுந்த வேகம்
நாற்பது மிஷின் ஒன்றாய் ஓடுவது போலிருந்தது.
அதைக் கேட்டு, பழக்க தோஷம்,
பெர்மெத் தூங்கியே போனாள்.

விடிந்தபோது கணவாயில் வெள்ளை.
ஈரக் குதிரைகள் ஆவி விட்டன.
ஐநாஷின் முழங்கையில்
கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது.
பெரிய கிண்ணம் முதலில் அவளிடம் போயிற்று.
குடித்தாள். இன்னொன்று கேட்டாள்.

புறப்படும்போது ஊல்கான்
கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.
"இவளை விட்டுவிட்டுப் போங்கள், செப்டம்பர் வரை.
இரண்டு ஆடு தருகிறேன்."

"மூன்று" என்றாள் ஐநாஷ்,
சேணத்தில் இருந்தபடியே.