பதினேழாம் இலக்கச் சொல்

மருத்துவ பீடத்து மேல்மாடி. செவ்வாய், பின்னேரம் மூன்று.
மின்விசிறி ஒருபக்கம் சாய்ந்து சுற்றுகிறது.
கலைச்சொற் பட்டியலில் பதினாறு முடிந்துவிட்டது.
பதினாறாவது, விறைப்பு.
அது விறைப்பா மரப்பா என்றே
ஒரு மணித்தியாலம் போயிற்று.

பதினேழு:
வெட்டி எடுத்த பின்னும்
அங்கேயே இருந்து நோகிற உறுப்பு.

பேயுறுப்பு என்றார் ஒருவர்.
வேண்டாம், என்றார் டொக்டர் வாகீசன்.
பேயென்று எழுதினால் சனம் கிளினிக்குக்கு வராது,
சந்நிதிக்குத்தான் போகும்.
நிழலுறுப்பு என்றாள் பிசியோ ஜெனிற்றா.
நிழலுக்கு நோகாதென்று அதுவும் விழுந்தது.
மாய உறுப்பு என்றார் தமிழ்த்துறைக்காரர், கண்ணை மூடியபடி.
மாயத்துக்குப் பொய்யென்றும் பொருளுண்டே
என்று அவரே இழுத்தார்.

பொய்க்கால் என்று முன்னமே ஒன்று இருக்கிறது,
பட்டியலில் பதின்மூன்று:
பிளாஸ்ரிக், இரண்டு கிலோ, தோல் வார்,
இரவில் கழற்றிச் சுவரோடு சாத்தலாம்.
தொடக்கூடியது பொய்.
தொடமுடியாதது நோகிறது.
இதைக் குறிப்பேட்டில் எழுதி, பிறகு வெட்டினேன்.
கூட்டக் குறிப்பில்
செயலாளரின் அபிப்பிராயம் வரக்கூடாது.

எனக்குத் தர்மகுலசிங்கத்தாரின் நினைவு.
மேசன். நாச்சிமார் கோயிலடி.
இடது கால், முழங்காலுக்குக் கீழே.
‘எல்லாரும் ஷெல்லோ எண்டு கேக்கினம், மிஸ்.
ஷெல் இல்லை. சீனி.’
தொண்ணூற்றைந்தில் அந்தக் காலோடுதான்
நாவற்குழிப் பாலம் கடந்தாராம்,
தலையில் சூட்கேஸ், தோளில் மகள்.
அப்போது ஒரு கீறலும் இல்லை.
இருபது வருஷம் கழித்து
கொக்குவிலில் யாரோ லண்டன்காரரின் மாடிவீட்டில்
பலகை ஆணியொன்று பாதத்தில் ஏறி
மூன்று நாள் உள்ளேயே இருந்தது.
கண்டது மனைவி. இவருக்குத் தெரியாது.

காலை அவர் ‘அவர்’ என்றுதான் சொல்வார்.
‘இருக்கேக்கை ஒண்டும் சொல்லாத மனிசன், மிஸ்,
போனாப்பிறகு வாய் ஓயிறாரில்லை.
ராவிலை இரண்டு மணிக்குப்
பெருவிரல் கடிக்குது எண்டு எழுப்புறார்.
நான் எங்கை போய்ச் சொறியிறது?’

ஒரு வியாழன் ஜெனிற்றா லீவு;
கண்ணாடியை நான் பிடித்தேன்.
யாரோ கொடுத்த அலங்கார மேசைக் கண்ணாடி,
கீழ் விளிம்பில் பழைய ஒட்டுப்பொட்டு ஒன்று.
வலது காலை அதன் முன் நீட்டினார்.
உள்ளே ஓர் இடது கால் வந்து நின்றது,
குதிக்காலில் சிவப்புப் பொட்டோடு.
வலது பெருவிரலைச் சொறிந்தார்.
உள்ளே அதுவும் சொறிபட்டது.
புதுச் சீமெந்துத் தரைக்குத் தண்ணி விட்டதுபோல
முகம் மெல்ல மெல்ல நிறம் மாறி
‘ஆ, ஆறுது’ என்றார்.
என் கை உளைந்தது. இறக்கவில்லை.

பிறகு வரைவிலக்கணத்தை வாசித்துக் காட்டினேன்:
இல்லாத உறுப்பில் உணரப்படும் வலி.
கன நேரம் பேசவில்லை.
‘இல்லாத எண்டு போடாதையுங்கோ, மிஸ்.
எனக்கு ஆறாம் விரல் இல்லை. அது நோகேல்லை.
இவர் போனவர்.
போன எண்டு போடுங்கோ.’

இதைக் கூட்டத்தில் சொன்னேன்.
நல்ல விஷயம், என்றார் டொக்டர்.
ஆனால் அறிவியல் நடை இல்லை, என்றார் தமிழ்த்துறைக்காரர்.
‘அகற்றப்பட்ட’ என்று முடிவாயிற்று.
யார் அகற்றியது, ஏன்,
சத்திரசிகிச்சைத் தாளில் கையெழுத்து வைத்தது யார்
என்று அந்தச் சொல் கேட்காது.
மாய உறுப்பு நிலைத்தது.
பதினெட்டாவது, குணமடைதல்.
நேரமில்லை, அடுத்த கிழமை பார்ப்போம் என்று
பிளேன்ரீயோடு கலைந்தோம்.

ஆவணியில் அச்சாகி வந்தது, பச்சை மட்டை.
இரவு எட்டரைக்கு ஓர் அழைப்பு.
பின்னால் ரீவிச் சத்தம், யாரோ தேங்காய் திருவும் சத்தம்.

‘மிஸ், எங்கடை சொல்லு
புத்தகத்திலை வந்திட்டுதோ?’
வந்திட்டுது, என்றேன்.
எப்படி வந்தது என்று சொல்ல வாயெடுப்பதற்குள்,

‘சரி, சரி. சந்தோஷம்.
அவரிட்டைச் சொல்லிவிடுறன்.’